மூதூரில் தொடங்கிய நத்தார்க் கதை

டிசம்பர் மாதத்திற்கு உலகத் தமிழரிடையே ஒரு பொது முகம் உண்டாகிவிட்டது. சென்னையிலே சபாக்களில் கச்சேரியும் அவற்றையொட்டிய இலைச் சாப்பாடும். கொழும்பிலே நத்தார்க் கேக்கும் வீட்டு விருந்துகளும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நண்பர்கள் கூடும் மண்டபங்கள், கொத்துரொட்டி, நள்ளிரவு தாண்டியும் ஓடும் திரைப்படங்கள். நான் பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் டிசம்பர் என்றால் சிறப்பிதழ் என்று பொருள். "ஏதாவது கொண்டாட்டமாக எழுதித் தாருங்கள்" என்பார்கள். எனக்கு அது என்றுமே சரியாக வாய்த்ததில்லை. அந்நாட்களில் எழுதாமல் விட்ட ஒரு நத்தாரைப் பற்றி இன்று எழுதுகிறேன். அது நடந்தது கண்டி இராச்சியத்தில். அதற்கு வித்திட்டது மூதூர்க் கரை.

மூதூரை அறிந்தவர்களுக்கு டிசம்பர் என்பது விருந்தின் மாதமன்று, மழையின் மாதம். வடகீழ்ப் பருவக்காற்றின் உச்சம். பெரும்போக வயல்கள் பச்சை கட்டி நிற்கும். மகாவலி பெருகிக் கொட்டியாரக் குடாவிற் கலக்கும். ஊருக்குள் திருவெம்பாவையும் நத்தாரும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் வருவதுண்டு. 1964 டிசம்பர் 22, 23இல் தனுஷ்கோடியை அழித்த புயல் திருகோணமலைப் பக்கத்தை உலுக்கிவிட்டே அங்கு சென்றது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் மற்றொரு புயல் திருகோணமலைக் கரையைக் கடந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, அதே டிசம்பர் 26இல், நத்தாருக்கு மறுநாள், ஆழிப்பேரலை மூதூருக்குள் புகுந்தது. ஆண்டிறுதி என்றவுடன் இவ்வூர் மக்கள் கடலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வதில் வியப்பில்லை.

எங்கள் கதையிலும் புயல்தான் முதற் பாத்திரம். 1659 நவம்பரில், மசூலிப்பட்டினத்துக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் பெருங்காற்றில் சிக்கியது. கப்பலைக் காப்பாற்ற அதன் பெரிய பாய்மரத்தை வெட்டி எறிய நேர்ந்தது. புதிய மரம் நாட்டவும், அதற்கிடையில் வாணிபம் செய்யவும் கிழக்கிந்தியக் கும்பினியார் அதனைக் கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பினர். பறங்கிப்பேட்டை வணிகர் சிலரும் அதில் வந்தனர். கப்பல் தலைவரின் பெயர் ரொபேட் நொக்ஸ். அவருடன் வந்த மகனின் பெயரும் ரொபேட் நொக்ஸ். அப்போது வயது 19.

முதலில் கப்பல்காரர் அஞ்சியே கரையிறங்கினர். கரையோரத்து மக்களோ அவர்களை நல்லபடி நடத்தினர். 'எங்களைப் போலவே நீங்களும் இங்கே இருக்கலாம்' என்ற விதமாகவே பேசினர். ஏறக்குறைய 20 நாட்கள் இப்படிக் கழிந்தபின் ஐயம் அகன்றது என்று மகன் நொக்ஸ் பிற்காலத்தில் எழுதினார். இந்த உபசரிப்பு பொய்யென்று நான் கருதவில்லை. மூதூர் மக்கள் கள்ளமின்றியே வரவேற்றிருப்பார்கள். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் கணக்கு வேறு. போர்த்துக்கேயரை வெளியேற்ற ஒல்லாந்தரை அழைத்து, பின்னர் அவர்களிடமே கரையோரத்தை இழந்தவன் அவன். வெள்ளையர் கப்பலொன்று மடலோ காணிக்கையோ இன்றித் தன் குடாவிற் கிடந்தால் அவன் என்ன நினைப்பான்? அந்த மரியாதையைத் தந்தை செய்யத் தவறியதே வினையாயிற்று என்பது மகனின் எண்ணம்.

திசாவை ஒருவர் படையுடன் வந்தார். 1660 ஏப்ரலில், கரையில் ஒரு புளியமரத்தின் கீழ் இருந்த கப்பல் தலைவர் தம் ஆட்களுடன் பிடிக்கப்பட்டார். படகில் மரம் வெட்டச் சென்றிருந்தோரும் அகப்பட்டனர். எல்லாமாகப் பதினாறு பேர்.

கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரச் செய்ய வேண்டுமென்று திசாவை விரும்பினார். அந்த ஆணையைத் தெரிவிக்க மகனை அனுப்புவதாகத் தந்தை சொன்னார். மறைவாக அவர் சொல்லி அனுப்பியது வேறு: கப்பலை உள்ளே கொண்டுவராதீர்கள், காத்துக்கொள்ளுங்கள். கூடவே, மகன் கட்டாயம் திரும்பி வந்துவிட வேண்டும் என்றும் பணித்தார். இளைஞன் கப்பலேறினான். செய்தியைச் சொன்னான். தலைவரின் சொல்லுக்கு இனிக் கட்டுப்படமாட்டோம் என்று மாலுமிகளிடம் ஒரு கடிதமும் எழுதி வாங்கிக்கொண்டான். பழி தந்தைமேல் விழாதிருக்க அப்படியொரு தந்திரம். பின்னர் கரைக்குத் திரும்பினான். காலடியில் கப்பல், எதிரே திறந்த கடல், தடுக்க யாருமில்லை. சிறைக்குத் திரும்பி வந்த அந்தப் படகுப் பயணத்தைத்தான், பின்னால் வரும் எல்லாவற்றையும்விட, நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இங்கே நத்தாரைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். இந்த மாலுமிகள் விட்டு வந்த இங்கிலாந்தில் நத்தார் தடைசெய்யப்பட்டிருந்தது. தூய்மைவாதிகளின் கை ஓங்கிய நாடாளுமன்றம் 1647இல் அத்திருநாளை ஒழித்திருந்தது. 1657 டிசம்பர் 25இல் இலண்டனில் ஒரு சிற்றாலயத்தில் வழிபட்டுக்கொண்டிருந்தவர்களைப் படைவீரர் சூழ்ந்து பிடித்ததை, அவர்களுள் ஒருவராயிருந்த ஜோன் ஈவ்லின் தம் நாட்குறிப்பிலே எழுதிவைத்தார். அதற்கு ஒரு மாதம் கழியுமுன், 1658 ஜனவரி 21இல், 'ஆன்' புறப்பட்டது. மூதூரில் இவர்கள் பிடிபட்டதற்கு அடுத்த மாதமே இரண்டாம் சார்ள்ஸ் அரியணைக்கு மீண்டான்; நத்தாரும் மீண்டது. தங்கள் நாட்டில் திருநாள் திரும்பிவிட்டது என்று அறியாமலேயே இவர்கள் மலைநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

அங்கே அவர்களைச் சிறைக்கூடத்தில் அடைக்கவில்லை. ஊருக்கு ஒருவராய்ப் பிரித்துவிட்டு, ஊராரே சோறு போட வேண்டும் என்பது அரச கட்டளை. தந்தை 1661 பெப்ரவரி 9இல் காய்ச்சலில் இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், ஒருவாறு காலூன்றினான். ஆற்றில் மீன் பிடிக்கையில் ஒரு முதியவர் மூலம் ஆங்கில விவிலியம் ஒன்று இருப்பதை அறிந்து, தொப்பி ஒன்றைக் கொடுத்து அதைப் பெற்றுக்கொண்டான். உணவைப் பற்றி அவன் எழுதியதிலே பலாவைப் பற்றிய பகுதி எனக்குப் பிடித்தமானது. பிஞ்சுக்கு ஒரு பெயர், காய்க்கு ஒரு பெயர், கனிக்கு ஒரு பெயர் என்று சிங்களச் சொற்களைச் சரியாகப் பிடித்திருக்கிறான். பொலஸ் இன்றும் பொலஸ்தான். பசித்தவனுக்குத்தான் இத்தகைய சொற்கள் மனத்திற் பதியும்.

1664இன் இறுதியில் விடுதலை வருவது போலிருந்தது. சென்னை ஜோர்ஜ் கோட்டையின் ஆளுநர் சேர் எட்வேட் வின்ரர் இவர்களை விடுவிக்குமாறு மன்னனுக்கு எழுதியிருந்தார். ஆங்கிலேயக் கைதிகள் அனைவரும் நிலம்பை நகருக்கு வரவழைக்கப்பட்டனர். அங்கேயே தங்கித் தனக்குப் பணிபுரியுமாறு மன்னன் கேட்டான். அவர்கள் இணங்கவில்லை. வானில் அப்போது வால்வெள்ளி ஒன்று தோன்றியிருந்தது. ஐரோப்பாவிலும் அவ்வாண்டு அதைப் பார்த்துக் கலங்கினார்கள். மறு ஆண்டு இலண்டனில் கொள்ளைநோய் பரவியபோது பழியை அதன்மேற் போட்டார்கள்.

டிசம்பர் 21, நள்ளிரவில் நிலம்பையில் கலகம் வெடித்தது. மன்னன் மலைகளுக்குள் தப்பியோடினான். கலகக்காரர் அவனுடைய இளம் மகனை அரசனாக்க முனைந்தனர். ஆங்கிலேயர் இரு நெருப்புகளுக்கு நடுவே நின்றனர். கலகக்காரருடன் சேர்ந்தால், மன்னன் மீண்டபின் தலை போகும். சேர மறுத்தால் அன்றைக்கே போகும்.

நத்தார் நாளன்று அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தது. போனவர்களுக்குப் பணமும் துணியும் வழங்கப்பட்டன. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளாகக் கந்தலோடு திரிந்தவர்களுக்குத் திருநாளன்று புத்தாடை! அந்தப் பரிசு எதற்கென்று சொல்லும் செய்தி அதற்குப் பின்னே காத்திருந்தது: ஆயுதம் ஏந்தித் தளபதியுடன் சென்று மன்னனைத் தாக்க வேண்டும். அச்செய்தி சொல்லப்படுவதற்குள் வேறொரு செய்தி வந்துவிட்டது. இளவரசன் ஓடிவிட்டான். மன்னனின் தங்கை அவனை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். யாரை அரசனாக்குவது என்று தெரியாமல் கலகம் சிதறியது. அழைத்து வந்த ஆங்கிலேயரை எவரும் நினைக்கவில்லை. அவர்கள் உயிர் பிழைத்தார்கள். நாள் எது என்பதை நொக்ஸ் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

(ஆங்கிலேயர் அப்போது பழைய யூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினர். அதே தீவின் கரையோரத்தில் ஒல்லாந்தக் கும்பினியார் புதிய நாட்காட்டிப்படி பத்து நாட்களுக்கு முன்பே நத்தாரை முடித்துவிட்டிருப்பர். ஒரு தீவில் இரண்டு நத்தார்கள்.)

மன்னன் திரும்பினான், விடுதலைப் பேச்சு அடங்கியது. நொக்ஸ் மேலும் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து, 1679இல் ஸ்ரீபன் ரட்லண்ட் என்ற தோழனுடன் காட்டுவழியே தப்பி, அக்டோபர் 18இல் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். அவருடைய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. அறிஞர் ரொபேட் ஹூக் அதற்குத் துணைநின்றார். டானியல் டீஃபோ தம் 'கப்டன் சிங்கிள்டன்' நாவலில் நொக்ஸின் கதையையே சுருக்கிச் சேர்த்துக்கொண்டார். 'ராபின்சன் குரூசோ'விலும் இவருடைய சாயல் உண்டென்று பலர் கருதுவர். அப்படியாயின், டிசம்பர் விடுமுறையில் தொலைக்காட்சியிலே நாம் பார்க்கும் தனித்தீவுப் படங்கள் பலவற்றிற்கு மூதூர்க் கரையும் ஒரு தாய்மண். டாம் ஹாங்க்ஸ் நடித்த 'காஸ்ட் அவே'யில் நாயகன் நத்தார் விருந்திலிருந்து எழுந்துதான் விபத்துக்குள்ளாகும் விமானத்துக்குப் போகிறான். அப்படம் அமெரிக்காவில் வெளியானது 2000 டிசம்பர் 22. நான்காம் நாள் புயல் திருகோணமலைக் கரையைக் கடந்தது.

மூதூரில் அந்தப் புளியமரத்தடியில் 1893இல் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. வெள்ளைக்காரரின் மரம் என்றும், 'ஆன்' கப்பலின் தலைவர் ரொபேட் நொக்ஸ் 1660இல் இங்கே பிடிக்கப்பட்டார் என்றும், கண்டி மன்னனிடம் 19 ஆண்டுகள் சிறையிருந்தார் என்றும் அது கூறுகிறது. கப்பல் தலைவர் தந்தை. அவர் பத்து மாதங்களில் இறந்துவிட்டார். 19 ஆண்டுகள் இருந்தவன் மகன். பெயர் ஒன்றாயிருந்ததால் கல்வெட்டியவர் இருவரையும் ஒருவராக்கிவிட்டார். கப்பலேறியவன் கரைக்குத் திரும்பி வந்த செய்தி அந்தக் கல்லில் இல்லை.