புலிக்குழி முதல் பழமரம் வரை: சிங்கையில் மனைபுகும் விலங்குகளை அகற்றிய வரலாறு

காட்டை வெட்டி ஊர் எழுப்பியவுடன் காட்டுயிர்கள் தாமாகவே அகன்றுவிடும் என்று எண்ணுவது மாந்தர் இயல்பு. வரலாறோ வேறு செய்தி கூறுகின்றது. ஊர் காட்டினுள் நுழைகின்றது. காட்டுயிர் ஊருக்குள் நுழைகின்றது. இரண்டுக்கும் இடையே எல்லை எது என்னும் வழக்கு தலைமுறை தலைமுறையாக நீள்கின்றது. அவ்வழக்கு 200 ஆண்டுகளாக இடைவிடாது நடந்துவரும் சிறு தீவு சிங்கப்பூர். இன்று புக்கித் தீமா வட்டாரத்தில் ஓர் இல்லத்தரசி அடுக்களைச் சன்னலில் குரங்கைக் கண்டு கூவுகின்றார். சிக்லாப்பில் ஒரு முதியவர் கூரைமுகட்டில் மரநாய் ஓடும் ஒலி கேட்டு உறக்கம் இழக்கின்றார். இவ்விருவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: இவ்விலங்கை யார் வந்து அகற்றுவார்? அகற்றுதல் என்னும் அச்சொல்லின் பொருள் காலந்தோறும் எவ்வாறு மாறி வந்தது என்பதை ஆராய்வது பயனுடைத்து.

காம்பீர்த் தோட்டமும் புலியும்

1819ஆம் ஆண்டில் ராபிள்ஸ் இத்தீவில் கால்வைத்த பின்னர், கடற்கரையில் நகரமும் உள்நாட்டில் காம்பீர், மிளகுத் தோட்டங்களும் பெருகின. காம்பீர் இலையைக் கொதிக்கவைத்துச் சாறு எடுத்தல் வேண்டும். அதற்கு விறகு ஏராளமாகத் தேவை. ஆகவே தோட்டத்திற்காக ஒரு பகுதிக் காடும், அதன் அடுப்பிற்காக மற்றொரு பகுதிக் காடும் அழிந்தன. சில ஆண்டுகளில் மண் வளம் குன்றவே, தோட்டக்காரர்கள் அந்நிலத்தை லாலாங் புல்லுக்கு விட்டுவிட்டு அடுத்த காட்டிற்குச் சென்றனர். இவ்வாறு தோட்டங்கள் உள்நோக்கி நகர நகர, தனித்த குடிசைகளில் வாழ்ந்த சீனத் தொழிலாளர்கள் புலிக்கு எளிய இரையாயினர். ஜொகூர் நீரிணையை நீந்திக் கடக்கும் ஆற்றல் புலிக்கு உண்டு. எனவே இங்குக் கொல்லப்பட்ட புலிக்கு ஈடாக அக்கரையிலிருந்து மற்றொன்று வந்து சேர்ந்தது.

இப்புலிக்கதையில் இந்தியருக்கும் பங்குண்டு. 1825ஆம் ஆண்டில் பென்கூலனிலிருந்து சிங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளின் முதல் தொகுதியினர் மதராசிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். சதுப்பைத் தூர்த்ததும் சாலை அமைத்ததும் இக்கைதிகளின் கைகளே. 1835ஆம் ஆண்டில் நில அளவையாளர் கோல்மன், கைதிகளைத் துணைகொண்டு காட்டில் சாலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது புலி ஒன்று பாய்ந்தது. அது அளவைக் கருவியின்மீது விழ, கருவி உடைந்தது, ஆட்கள் பிழைத்தனர். ஜெர்மானிய ஓவியர் லூட்டமன் பிற்காலத்தில் இக்காட்சியைத் தீட்டினார். அப்படத்தில் அளவையாளரோடு அஞ்சி விழுந்து கிடக்கும் கைதிகளையும் காணலாம். பின்னர், புலிகளின் தொல்லை மிக்க காலத்தில், இக்கைதிகளுள் வேட்டை வல்லாரைக் குழுக்களாகப் பிரித்து அரசாங்கமே காட்டிற்கு அனுப்பிற்று. சட்டத்தால் விலங்கிடப்பட்டவர்கள் காட்டு விலங்கை அகற்றும் பணிக்கு ஏவப்பட்டனர்.

குழியும் கூர்ங்கழியும்

அக்காலத்து அகற்றுமுறைகள் இரண்டு. ஒன்று, கொன்ற தலைக்குப் பரிசு. அரசாங்கம் பரிசுத்தொகையைப் படிப்படியாக உயர்த்தி 100 வெள்ளி வரை அளித்தது. மற்றொன்று, புலிக்குழி. 1854ஆம் ஆண்டில் புக்கித் தீமாவில் தங்கி வண்டுகளைத் திரட்டிய இயற்கை அறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ் இக்குழிகளைக் குறித்து எழுதியுள்ளார். 15 முதல் 20 அடி ஆழமுள்ள அக்குழிகளைக் குச்சியும் இலையும் பரப்பி மறைத்திருந்தனர் என்றும், முன்பு அடியில் கூர்ங்கழி ஒன்றை நட்டு வைப்பது வழக்கம் என்றும் அவர் குறித்தார். வழிப்போக்கன் ஒருவன் தவறி விழுந்து அக்கழியில் குத்துண்டு மாண்ட பின்னர், கழி நடுவது தடைசெய்யப்பட்டதாம்.

விலங்கைப் பிடிக்கும் முறைக்குக் கட்டுப்பாடு விதித்த பழைய செய்திகளுள் இது ஒன்று. ஆனால் இத்தடை புலியின்பால் கொண்ட இரக்கத்தால் பிறந்ததன்று. மனிதன் மாண்டதால் பிறந்தது. கண்மூடித்தனமான பொறி, தான் குறிவைத்த உயிரை மட்டும் பிடிப்பதில்லை என்னும் உண்மையை அன்று ஓர் ஏழை வழிப்போக்கன் தன் உயிரைக் கொடுத்துக் கற்பித்தான். இப்பாடம் பிற்காலத்திலும் மீண்டும் மீண்டும் தேவைப்பட்டது.

புலியை ஒழித்தது பரிசுப்பணம் மட்டுமன்று, காட்டழிவே. 1883ஆம் ஆண்டில் தாவரப் பூங்காவின் கண்காணிப்பாளர் நத்தானியேல் கேன்ட்லி, தீவின் காடுகளைக் குறித்து அறிக்கை அளித்தபோது, பழைய காடு சிறு துண்டுகளாகவே எஞ்சியிருந்தது. அவருடைய அறிக்கையை ஒட்டியே காப்புக் காடுகள் வகுக்கப்பட்டன. 1902இல் ராபிள்ஸ் ஹோட்டலில் புலி சுடப்பட்ட கதை பலரும் அறிந்தது. அது காட்டுப்புலியன்று; அருகிலிருந்த விலங்குக் காட்சியிலிருந்து தப்பிய புலி. பில்லியர்ட்ஸ் மேசையின் அடியில் சுடப்பட்டது என்பதும் கட்டுக்கதை. தூண்கள்மேல் எழுப்பப்பட்ட அக்கட்டடத்தின் தளத்திற்கு அடியில்தான் அது பதுங்கியிருந்தது. உண்மையான கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங்கில் வீழ்ந்தது.

சட்டம் பிறந்த வழி

புலி ஒழிந்துகொண்டிருந்த காலத்திலேயே காப்புச் சட்டமும் முளைத்தது. 1884இல் காட்டுப் பறவைகளுக்கும், 1904இல் விலங்குகளையும் சேர்த்தும் சட்டங்கள் இயற்றப்பட்டன. நாடு தனித்து எழுந்த 1965இல் காட்டு விலங்கு, பறவைச் சட்டம் வந்தது. உரிமமின்றிக் காட்டுயிரைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம் என்றது அது. ஆயின் தண்டம் 1,000 வெள்ளியைத் தாண்டவில்லை. நடைமுறையில் ‘தொல்லை விலங்கு’ என்னும் ஒரு சொல் எல்லாக் காப்பையும் தளர்த்தப் போதுமாயிருந்தது. தாவரப் பூங்காவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, வருவோரிடம் கடலை வாங்கித் தின்ற நீண்டவால் குரங்குகள், 1970களின் தொடக்கத்தில் தொல்லை எனத் தீர்மானிக்கப்பட்டு ஒழிக்கப்பட்டன. ஒரு தலைமுறைக்கு வேடிக்கையாயிருந்த விலங்கு அடுத்த தலைமுறைக்குக் குற்றவாளியாயிற்று. மாறியது குரங்கன்று, உணவூட்டிப் பழக்கிய கை, பின்னர் துப்பாக்கியை எடுத்தது.

பசுமை திரும்பியது, விலங்கும் திரும்பியது

1963இல் மரம் நடும் இயக்கமும், 1967இல் பூந்தோட்ட நகரத் திட்டமும் தொடங்கின. சாலையோரம் நிழல் மரம், கால்வாயோரம் பூங்கா, காட்டை ஒட்டித் தோட்ட வீடுகள் என நகரம் மீண்டும் பசுமை போர்த்தது. வீட்டுத் தோட்டத்தில் ரம்புத்தான், மா, சிக்கு ஆகிய பழமரங்கள் வளர்ந்தன. அதேவேளை காடு துண்டுபட்டது. 1986இல் நிறைவுற்ற புக்கித் தீமா விரைவுச்சாலை, புக்கித் தீமாக் காட்டையும் நடு நீர்ப்பிடிப்புக் காட்டையும் பிரித்துவிட்டது. எறும்புதின்னியும் மரநாயும் அச்சாலையைக் கடக்க முயன்று மாண்டன. 2013இல் அவ்விடத்தில் 62 மீட்டர் நீளமுள்ள விலங்குப் பாலம் அமைந்த பின்னரே வழி திறந்தது.

இருவாசிப் பறவையும் நீர்நாயும் 1990களில் மீண்டும் தலைகாட்டின. காட்டுப்பன்றியும் தீவில் பெருகிற்று. 2012ஆம் ஆண்டில் பீசான்-அங் மோ கியோ பூங்காவில் பன்றி ஒன்று ஆட்களைத் தாக்கிற்று. தாக்குண்டோருள் சிறுவன் ஒருவனும் இருந்தான். பன்றிகளைக் கொல்வதா, வேறு வழி காண்பதா என்று நாடெங்கும் வாதம் எழுந்தது. மகனைப் பூங்காவிற்கு அழைத்துச் செல்லும் தாயின் அச்சம் பொய்யன்று. அதை ஏளனம் செய்து விலங்கன்பு பேசுவதும் அறமன்று. வாதத்தின் கடினம் அங்கேதான் உள்ளது.

கூண்டு தந்த படிப்பினை

குரங்குகளால் எழுந்த வழக்கு இன்னும் பெரிது. குரங்குத் தொல்லை குறித்து முறையிட்ட குடியிருப்பாளர்களுக்கு வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் கூண்டுகளை இரவல் கொடுத்துவந்தது. பழத்தை வைத்துக் கூண்டைத் திறந்து வைப்பர். அகப்பட்ட குரங்கு பெரும்பாலும் கொல்லப்படும். 2013ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 570 குரங்குகள் இவ்வாறு மாண்டன. அக்காலத்துக் கணக்கெடுப்புகளின்படி தீவில் இருந்த நீண்டவால் குரங்குகளின் தொகை ஏறத்தாழ 2,000 மட்டுமே என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வெண்ணின் கனம் விளங்கும்.

அதனால் தொல்லை தீர்ந்ததா? கூண்டிலுள்ள பழம், வராத குரங்கையும் வரவழைக்கும். அகப்படுவது அடுக்களையில் புகுந்த குரங்காகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பசித்த குட்டியாகவும் இருக்கலாம். குப்பைத்தொட்டி திறந்தே கிடந்தால், காலியான இடத்திற்கு வேறு கூட்டம் வரும். ஜொகூரிலிருந்து புதுப்புலி வந்தது போன்றதே இது. புலிக்குழியின் இரு குறைகளும், அதாவது குறி தவறுவதும் இடம் நிரம்பிவிடுவதும், கம்பிக்கூண்டிற்கும் பொருந்தின.

வேறோர் இடத்தில் கொண்டுபோய் விடலாமே என்பர் சிலர். கேட்பதற்கு இரக்கமாகத் தோன்றும் இவ்வழியிலும் இடர் உண்டு. இத்தீவில் ‘வேறோர் இடம்’ மிகச் சிறிது. அங்கும் ஏற்கெனவே ஒரு குரங்குக் கூட்டம் குடியிருக்கும். வந்தேறியைக் குடியிருப்பது விரட்டும். கூட்டம் இழந்த குரங்கு மீண்டும் வீடுகளையே நாடும். மலைப்பாம்பைப் போல் தனித்து வாழும் உயிருக்கு இடமாற்றம் ஓரளவு பொருந்தலாம். கூட்டமாக வாழும் உயிருக்கு அது பெரும்பாலும் மற்றொரு தண்டனையே.

காவலும் அடைப்பும்

ஆகவே அண்மை ஆண்டுகளில் அகற்றுதல் என்பதன் பொருள் மாறத் தொடங்கிற்று. 2001இல் தோன்றிய ஏக்கர்ஸ் என்னும் விலங்குநலச் சங்கத்தினர் மீட்புப் பணியோடு குடியிருப்பாளர்களுக்கு விளக்கமும் அளித்தனர். 2019 ஏப்ரலில் காட்டுயிர்ப் பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் ஒருங்கு சேர்க்கப்பட்டது. 2020 ஜூன் மாதத்தில் பழைய சட்டம் திருத்தம் பெற்று வனவிலங்குச் சட்டமாயிற்று. காட்டுயிருக்கு உணவளிப்பதே குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரையும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையும் தண்டம் என்றது அது. விலங்கை நோக்கியிருந்த சட்டத்தின் விரல் மனிதனை நோக்கியும் திரும்பியது இதன் தனிச்சிறப்பு.

குரங்குக் காவல் என்னும் முறையும் பரவியது. பயிற்சி பெற்றோர் காட்டின் விளிம்பில் நின்று, கோலைத் தரையில் தட்டி, கூட்டத்தை மீண்டும் மரங்களுக்குள் திருப்புவர், அடிப்பதில்லை, பிடிப்பதில்லை. தமிழருக்கு இது புதுமையன்று. குறிஞ்சி நிலத்து மகளிர் பரணில் அமர்ந்து தட்டையும் குளிரும் ஒலித்துத் தினைப்புனத்தில் கிளி ஓப்பியதைச் சங்கப் பாடல்கள் பலவாறு பாடும். புனங்காவலின் நோக்கம் கிளியைக் கொல்வதன்று. கதிர் முற்றும் வரை அதனைத் தினையில் படியவிடாமல் காப்பதே.

மரநாய்க்கும் இக்கொள்கையே பொருந்தும். மலாய்க்காரர் முசாங் என்றழைக்கும் இவ்விலங்கு பழத்தோடு எலியையும் தின்னும்; விதைகளைப் பரப்பி மரம் வளர்க்கும். அது கூரைக்குள் ஏறுவதற்கு ஓட்டின் இடைவெளியும், கூரையைத் தொடும் கிளையும் போதும். கிளையைத் தறித்து, பழத்தை முற்றுமுன் பறித்து, இடைவெளியைக் கம்பிவலையால் அடைத்துவிட்டால் தொல்லை குறையும். ஆயின் அடைக்கும் நாளை ஆய்ந்து தேர்தல் வேண்டும். தாய் இரைதேடச் சென்ற இரவில் அவசரப்பட்டு அடைத்தால் குட்டிகள் உள்ளே பசியால் மடியும். தாயோ கூரையைப் பிய்க்கும். குட்டிகள் வளர்ந்து தாயின்பின் வெளியேறும் வரை சில வாரம் பொறுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதி செய்தபின் அடைப்பதே முறை. இரக்கமும் சிக்கனமும் இங்கு ஒரே வழியைக் காட்டுகின்றன.

இம்முறைகளால் எல்லாத் தொல்லையும் தீர்ந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. 2021இல் பொங்கோலில் காட்டுப்பன்றியால் மக்கள் காயமுற்றனர். உயிருக்கு ஊறு நேரும் இடத்தில் அரசாங்கம் கடுமையான முடிவை எடுக்க வேண்டியும் வரும். ஆயினும் பன்றி ஏன் வந்தது, அதன் காடு எங்குச் சென்றது, அதற்கு உணவிட்டவர் யார் என்னும் வினாக்களைக் கேட்காமல் எடுக்கும் முடிவு, அடுத்த பன்றி வரும் வரையில்தான் நிற்கும்.

குழியில் கழி நட்ட காலத்திலிருந்து, குட்டி வெளியேறும் வரை காத்திருக்கும் காலத்திற்கு ஒரு சமுதாயம் வந்து சேர்ந்துள்ளது. இவ்வழி நெடிது, இதில் புலி அடியோடு இழக்கப்பட்டது, மற்றவை மயிரிழையில் தப்பின. நீண்டவால் குரங்கையே அழிவின் விளிம்பை நோக்கும் இனமென 2022இல் உலக அறிஞர்கள் பட்டியலிட்டுள்ளனர். அடுக்களைச் சன்னலில் எட்டிப் பார்க்கும் அந்த முகம், என்றும் மலிந்தே இருக்கும் முகமன்று. அதனை அகற்ற வேண்டிய வேளையில், முதலில் அகற்ற வேண்டியது மேசைமீது திறந்து கிடக்கும் பழத்தட்டையே.