இரு திட்டங்களுக்கு நடுவே ஒரு தலைமுறை: கண்டியில் எச்.பி.வி. தடுப்பின் வரலாறு

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான இலங்கையின் முயற்சி இரண்டு கட்டங்களாக வளர்ந்தது. 1996இல் சுகவனிதையர் கிளினிக் வந்தது. 2017இல் பாடசாலைகளில் எச்.பி.வி. தடுப்பூசி வந்தது. கண்டி நகரிலும் கம்பளை, தெல்தோட்டை போன்ற சுற்றுப்புறங்களிலும் இரண்டையும் நடத்துவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைதான். ஆனால் இவை இரண்டிலும் சேராத இளம்பெண்கள் ஏராளமாக இருக்கிறார்கள்.

1994இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாடு, பெண்ணின் உடல்நலத்தைப் பிள்ளைப்பேற்றோடு நிறுத்திப் பார்க்கக் கூடாது என்று வலியுறுத்தியது. அதன் விளைவாகவே சுகவனிதையர் கிளினிக்குகள் உருவாயின. 35 வயதுப் பெண்ணுக்குப் பாப் பரிசோதனை. பின்னர் 45 வயதும் சேர்க்கப்பட்டது. எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) எனும் வைரஸின் 16, 18 ஆகிய வகைகளே இப்புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம். 1980களின் முற்பகுதியிலேயே ஹரால்ட் சுர் ஹவுசன் குழுவினர் அவற்றைக் கண்டறிந்திருந்தனர். ஆயினும் கிளினிக் தேடியது வைரஸை அல்ல, அது உயிரணுக்களில் விட்டுச்சென்ற மாற்றத்தை.

தேயிலைத் தோட்டப்புறத்தில் இந்த ஏற்பாடு எளிதாக வேரூன்றவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கிளினிக் நாள் என்பது நாட்சம்பளத்தை இழக்கும் நாள். நோவு இல்லாதபோது பரிசோதனை எதற்கு என்ற எண்ணமும் கூச்சமும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. இதைப் பெண்களின் அறியாமை என்று எழுதிவிடுவது நியாயமன்று.

தடுப்பூசியின் கதை வேறு. 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஊசி, இலங்கையின் தேசியத் திட்டத்தில் 2017இல் சேர்ந்தது. தரம் 6 மாணவிகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள். இந்தியாவில் அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் நடந்த இத்தடுப்பூசியின் செயல்விளக்கத் திட்டம் சர்ச்சைக்குள்ளாகி 2010இல் நிறுத்தப்பட்டது. அந்தச் சர்ச்சை அங்கே பல ஆண்டுகளை விழுங்கியது. இலங்கையிலோ பாடசாலையில் ஊசி போடுவது பெற்றோருக்குப் பழகிய வழக்கம். புதிய ஊசி அந்தப் பழைய வழியிலேயே சென்றது. இத்திட்டத்தின் பெரிய பலமாக நான் கருதுவது இதைத்தான். பாலுறவு தொடங்கும் முன்பே போடப்படும் ஊசியே முழுப் பயன் தரும் என்பதால், வயதும் சரியாகவே தெரிவுசெய்யப்பட்டது.

2017இல் தரம் 6இல் இருந்தவள் ஏறத்தாழ 2006இல் பிறந்தவள். அவளுடைய அக்காவுக்கு ஊசி கிடைக்கவில்லை. இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டோ கண்டி நகரக் கடைகளில் வேலை செய்துகொண்டோ இருக்கக்கூடிய அந்த அக்காவுக்கு 35 வயதுவரை கிளினிக் அழைப்பும் வராது. இளவயதில் எச்.பி.வி. தொற்று மிகச் சாதாரணம். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே நீங்கிவிடும். நீங்காமல் தங்கும் தொற்றே பதினைந்து, இருபது ஆண்டுகளில் புற்றாக மாறக்கூடியது. ஆகவே இருபது வயதில் பாப் பரிசோதனை செய்வதால் பெரும் பயனில்லை; அரச விதியில் மருத்துவப் பிழையும் இல்லை. தவறவிட்ட வயதினருக்குப் பின்னர் ஊசி வழங்காததே குறை. தனியாரிடம் வாங்குவது தோட்டக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது.

ஊசி தவறியவர்களுக்கு எஞ்சுவது பரிசோதனைதான். இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில், வைரஸையே தேடும் ஒரேயொரு எச்.பி.வி. பரிசோதனையே இப்புற்றுநோய் மரணங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் 2020இல் 35, 45 வயதுகளில் இத்தகைய உயர்தரப் பரிசோதனையையே இலக்காக வைத்தது. இலங்கையின் கிளினிக் வயதுகளும் அவையே.

முதன்முதலில் ஊசி பெற்றவர்கள் 35ஐ எட்ட 2041 ஆகிவிடும். அதுவரை ஊசி பெறாத பெண்களே ஆண்டுதோறும் கிளினிக் வாசலுக்கு வருவார்கள். அவர்கள் சம்பளத்தை இழக்காமல் வர தோட்ட நிர்வாகங்கள் வழிசெய்ய வேண்டும். உங்கள் வீட்டில் 35ஐத் தொட்ட பெண் இருந்தால், இந்த மாதமே சுகவனிதையர் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.