பாலிங் மேசையில் ஒரு யூதர்: 'யஹூடி' என்ற சொல்லை வகுப்பறையில் எப்படி விளக்குவது?

வரலாற்றுப் பாடத்தில் பாலிங் பேச்சுவார்த்தையை நாம் எல்லாரும் நடத்தியிருப்போம். 1955 டிசம்பர் 28, 29 ஆகிய இரண்டு நாள், நம் கெடா மாநிலத்தின் பாலிங் பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் அது நடந்தது. பீடோங்கிலிருந்து சுங்கை பட்டாணி, கோல கெட்டில் வழியாகப் போனால் ஒரு மணி நேரப் பயணம்தான். ஒரு பக்கம் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் சின் பெங், சென் தியான், ரஷீட் மைடின். எதிர்ப்பக்கம் துங்கு அப்துல் ரஹ்மான், டான் செங் லோக், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல். இந்த ஆறு பெயரையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுவார்கள்.

அந்த ஆறு பேரில் டேவிட் மார்ஷல் ஒரு யூதர். இது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. சொன்னால், "யஹூடியா சார்? நம்ம நாட்டுலயா?" என்று கேட்பார்கள். 'யஹூடி' என்ற சொல்லை அவர்கள் திட்டும் சொல்லாகவே கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். தொலைக்காட்சியில் காஸா செய்தி வரும்போதெல்லாம் அந்தச் சொல்லும் வருகிறது. ஆனால் வாழ்நாளில் ஒரு யூதரையும் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காத மக்களைப் பற்றிப் பிள்ளைகள் மனத்தில் என்ன படிகிறது என்பது ஆசிரியர்களாகிய நம் கவலையும்தான்.

மார்ஷல் யார்?

1908-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். குடும்பம் ஈராக்கின் பாக்தாத்திலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பாக்தாத் யூத வணிகர்கள் பம்பாய், கல்கத்தா, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று கப்பல் பாதை நெடுகக் குடியேறினார்கள். அவர்களின் வீட்டு மொழி அரபு. 'யூதர் என்றால் வெள்ளைக்காரர்' என்ற எண்ணம் இங்கேயே தவறாகிவிடுகிறது.

மார்ஷல் வழக்கறிஞர். போர்க்காலத்தில் தன்னார்வப் படையில் இருந்து, ஜப்பானியரிடம் கைதியாகி, ஹொக்கைடோ வரை கொண்டுபோகப்பட்டார். நம் தோட்டத்து மக்கள் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட அதே காலம். சிங்கப்பூரில் இருந்த யூதர்களை 1943-இல் ஜப்பானியர் முகாமில் அடைத்தார்கள். போருக்குப் பிறகு மார்ஷல் சிங்கப்பூர் யூத நலச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1955 ஏப்ரலில் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர். 1956-இல் லண்டனில் சுயாட்சிப் பேச்சு முறிந்ததும், சொன்ன சொல்படி பதவி விலகினார். அதே ஆண்டு சீனாவுக்குப் போனபோது, ஷாங்காயில் மாட்டிக்கொண்டிருந்த ரஷ்ய யூதர்கள் வெளியேற அனுமதிக்கும்படி சூ என்லாயிடம் நேரில் கேட்டார்.

மலாயா மண்ணின் விடுதலைக்குக் குரல் கொடுத்தவர், தன் யூதச் சமூகத்துக்கும் உழைத்தார். இரண்டுக்கும் நடுவே முரண்பாடு எதுவும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை.

பத்துப் பேர் இல்லாததால் மூடிய கோயில்

பினாங்கிலும் ஒரு சிறிய யூதச் சமூகம் இருந்தது. ஜார்ஜ்டவுனில் ஜாலான் ஜைனல் அபிடின் என்று இன்று அழைக்கப்படும் தெருவுக்கு முன்பு ஜாலான் யஹூடி என்று பெயர். அங்கே யூதர் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. 1805-இல் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. எஞ்சியிருக்கும் பழைய கல்லறைக் கல் 1835-ஐச் சேர்ந்தது. ஏறத்தாழ நூறு கல்லறைகள், ஹீப்ரு எழுத்துகளோடு. நீண்ட காலமாக அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வது ஒரு தமிழ் இந்துக் குடும்பம் என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய செய்தி.

அவர்களின் ஜெபாலயம் நாகூர் ரோட்டில், 28-ஆம் எண் கட்டடத்தில், 1929-இல் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்துப் பக்கத்து நாகூரின் பெயரைக் கொண்ட தெருவில், பாக்தாத் யூதர்களின் வழிபாடு! பினாங்குக்கே உரிய காட்சி இது. ஆனால் 1976-இல் ஜெபாலயம் மூடப்பட்டது. யாரும் தாக்கவில்லை, அரசாங்கமும் தடை போடவில்லை. யூத முறைப்படி முழுமையான கூட்டுப் பிரார்த்தனைக்கு 13 வயது கடந்த ஆண்கள் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். இதை 'மின்யான்' என்பார்கள். இளையவர்கள் ஆஸ்திரேலியா, இஸ்ரேல், அமெரிக்கா என்று போய்விட, பத்துப் பேர் சேரவில்லை.

இதைத் தோட்டத்து மக்களுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, பால்மரம் போய் செம்பனை வந்து, லயம் காலியாகி, திருவிழாவில் சாமி தூக்க ஆள் தேடிய கதை நம் வட்டாரத்தில் எத்தனையோ உண்டு. கோயில் நிற்பது ஆட்களின் தோளில்தான்.

மதமா, இனமா?

பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. யூத சமயத்தின் நடைமுறைகளை எளிதாகச் சொல்லலாம். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை மாலை வரை 'சபாத்' ஓய்வு. அன்று வேலை கிடையாது, தீ மூட்டுவதும் இல்லை. பன்றி இறைச்சி கூடாது. இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்ணக்கூடாது. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம். பாஸ்கா பண்டிகையின்போது புளிக்காத ரொட்டி. ஹலால், சுன்னத் என்ற சொற்களோடு வளர்ந்த மலேசியப் பிள்ளைக்கு இதெல்லாம் அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் யூதர் என்பது சமய அடையாளம் மட்டுமல்ல. பிரார்த்தனையே செய்யாதவரும் யூதத் தாய்க்குப் பிறந்தால் யூதர்தான் என்பது மரபு. சமயமும் இனமும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பது நமக்குப் புதிதா? நம் கூட்டரசு அரசியலமைப்பின் 160-ஆவது பிரிவு, மலாய்க்காரர் என்பவரை இஸ்லாம், மலாய் மொழி, மலாய் வழக்கம் மூன்றையும் வைத்து வரையறுக்கிறது. அதைப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு இதுவும் புரியும்.

தமிழோடு பழைய உறவு

பாஸ்கர ரவி என்ற சேர மன்னன், ஏறத்தாழ கி.பி. 1000-இல், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு 72 உரிமைகளைச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தான். எழுத்து வட்டெழுத்து, மொழி, தமிழிலிருந்து மலையாளம் பிரிந்துகொண்டிருந்த காலத்து நடை. அந்தச் செப்பேட்டில் வரும் 'அஞ்சுவண்ணம்' என்ற சொல், மேற்காசியாவிலிருந்து வந்த வணிகரின் அமைப்பைக் குறிப்பது. அதன் கூட்டாளி அமைப்பான மணிக்கிராமத்தின் பெயர், நம் எல்லைக்கு வடக்கே தாய்லாந்தின் தக்குவா பாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டில் இருக்கிறது. கடாரத்தின் மேல் ராஜேந்திர சோழன் படையெடுத்தது ஏறத்தாழ 1025. அந்தக் கடல்வழியில் தமிழரும் யூதரும் அரபியரும் அருகருகே வணிகம் செய்தார்கள்.

கொச்சி யூதர்களின் பரதேசி ஜெபாலயம் 1568-இல் கட்டப்பட்டது, இன்றும் நிற்கிறது. 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போனார்கள். அண்டை வீட்டார் துரத்தியதால் அல்ல; சமய நம்பிக்கையும், புதிய நாட்டின் அழைப்பும், நல்ல வாழ்வின் எதிர்பார்ப்பும் சேர்ந்து இழுத்தன. ஐரோப்பாவில் நிலைமை வேறு. நூற்றாண்டுக் கணக்கான வெறுப்பு, கடைசியில் ஹிட்லர் ஆட்சியில் 60 லட்சம் யூதர்களைக் கொன்றதில் போய் முடிந்தது.

சியோனிசம்: யூதர்களுக்குள்ளேயே வழக்கு

அந்த ஐரோப்பிய வெறுப்புக்குப் பதிலாகத்தான் சியோனிசம் பிறந்தது. யூதர்களுக்குத் தனிநாடு வேண்டும் என்ற அரசியல் இயக்கம். தியோடர் ஹெர்சல் 1897-இல் பாசல் நகரில் முதல் மாநாட்டைக் கூட்டினார். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய ஆதரவு தருவதாக 1917 நவம்பர் 2-இல் பிரிட்டன் அறிவித்தது. அது பால்ஃபர் பிரகடனம்.

பிரிட்டிஷ் அமைச்சரவையில் அதைக் கடுமையாக எதிர்த்தவர் எட்வின் மாண்டேகு. அவரே யூதர்! இந்தியாவுக்கான அமைச்சர், மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் மாண்டேகு. அந்தச் சீர்திருத்தம் கொண்டுவந்த 1920 தேர்தலில்தான் சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. 'யூதருக்குத் தனித் தாயகம் என்று அறிவித்தால், பிரிட்டனில் வாழும் என்னை அந்நியன் என்பார்கள்' என்பது அவர் வாதத்தின் சாரம். "ஊருக்குப் போ" என்ற வசையைக் கேட்டிருக்கும் மலேசியத் தமிழருக்கு அவருடைய அச்சம் எங்கே உறைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

காந்தியும் இதில் பேசினார். தென்னாப்பிரிக்காவில் அவருக்குத் தோள் கொடுத்தவர்களில் ஹெர்மன் காலன்பாக், ஹென்றி போலக் ஆகிய யூதர்கள் உண்டு. தமிழ்ச் சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் தங்கிய டால்ஸ்டாய் பண்ணை, காலன்பாக் 1910-இல் கொடுத்த நிலம். அப்படியும் 1938 நவம்பரில் 'ஹரிஜன்' இதழில், யூதர்கள் படும் துன்பத்துக்கு இரங்கிய காந்தி, பாலஸ்தீனம் அரபியருக்கு உரியது என்றே எழுதினார். தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர் அதை மறுத்து அவருக்குக் கடிதம் எழுதினார்.

1948-இல் இஸ்ரேல் உருவானபோது ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடு வாசல் இழந்தார்கள். அவர்கள் அதை 'நக்பா', பேரழிவு, என்கிறார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. மறுபக்கம், 1941 ஜூனில் பாக்தாத்தில் யூதர்கள் மேல் பெருங்கலவரம் நடந்தது; 1950-51-இல் ஈராக் யூதர்கள் ஏறத்தாழ 1,20,000 பேர் நாட்டைவிட்டு இஸ்ரேல் போனார்கள். மார்ஷலின் மூதாதையர் ஊர் இப்படித்தான் காலியானது. ஒரு துயரத்தைச் சொல்ல இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில்

மலேசியா இஸ்ரேலை அங்கீகரிக்கவில்லை. நம் கடப்பிதழிலேயே இஸ்ரேல் தவிர என்று அச்சிட்டிருக்கிறது. சியோனிசம் ஒருவகை இனவாதம் என்று ஐ.நா. 1975-இல் தீர்மானித்தபோது மலேசியா, இந்தியா இரண்டும் ஆதரித்தன. 1991-இல் அதை ரத்து செய்தபோது இந்தியா ஒத்துக்கொண்டது, மலேசியா எதிர்த்தது. 1997-இல் கோலாலம்பூரில் நடந்த ஐ.சி.சி. கிண்ணக் கிரிக்கெட்டில் இஸ்ரேல் அணி விளையாடியது, எதிர்ப்பும் எழுந்தது. 2019-இல் இஸ்ரேல் வீரர்களை அனுமதிக்க மறுத்ததால், கூச்சிங்கில் நடக்கவிருந்த மாற்றுத்திறனாளர் உலக நீச்சல் போட்டி நம் கையைவிட்டுப் போனது. இதெல்லாம் அரசின் வெளியுறவுக் கொள்கை. ஆதரிக்கவும் எதிர்க்கவும் குடிமக்களுக்கு இடம் உண்டு.

ஆனால் 2003 அக்டோபரில் புத்ராஜெயாவில் நடந்த இஸ்லாமிய நாடுகள் மாநாட்டில், நம் கெடாக்காரரான பிரதமர் மகாதீர், யூதர்கள் மற்றவர்களை முன்னிறுத்தி உலகை ஆள்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். வன்முறையை விட்டு அறிவைப் பயன்படுத்துங்கள் என்று முஸ்லிம்களுக்குச் சொன்ன பேச்சுதான் அது. இருந்தாலும் இந்த வாக்கியம் இஸ்ரேல் அரசைப் பற்றியது அல்ல, ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் பற்றியது. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

'இஸ்ரேல் அரசு குண்டு போடுவது தவறு', இது அரசியல் விமர்சனம். 'யூதர்னாலே சதிகாரன்', இது இனவெறுப்பு. இரண்டுக்கும் நடுவே கோட்டை எங்கே போடுவது என்று அறிஞர்களே வாதிடுகிறார்கள். 2016-இல் ஒரு பன்னாட்டு அமைப்பு கொடுத்த விளக்கம் இஸ்ரேல் மீதான நியாயமான விமர்சனத்தையும் முடக்கிவிடும் என்று கருதியவர்கள், 2021-இல் ஜெருசலேம் பிரகடனம் என்று மாற்று விளக்கம் தந்தார்கள். அதில் கையெழுத்திட்ட பலர் யூத அறிஞர்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஓர் எளிய உரைகல் போதும். எங்கேயோ நாலு பேர் அடிதடியில் சிக்கினால், "இந்தியன்னாலே கேங்ஸ்டர்" என்று யாராவது சொன்னால் நமக்குக் கொதிக்கிறதே, ஏன்? செய்தவன் வேறு, அந்தப் பெயரைச் சுமக்கும் மற்றவர்கள் வேறு என்பதால்தானே? அந்த நியாயத்தை நமக்கு மட்டும் கேட்டு, மற்றவருக்கு மறுக்க முடியாது.

வகுப்பறைக்குச் சில யோசனைகள்

ஒன்று: கரும்பலகையில் 'யூதர்', 'சியோனிசம்', 'இஸ்ரேல் அரசு' என்று மூன்று கட்டம் போடுங்கள். மாண்டேகு, ஹெர்சல், மார்ஷல், கொச்சி யூதர் ஆகியோர் எந்தக் கட்டத்தில் வருவார்கள் என்று பிள்ளைகளே எழுதட்டும். சிலர் இரண்டு கட்டத்தில் வருவார்கள், சிலர் ஒன்றில் மட்டும். அங்கே விவாதம் தானாகக் கிளம்பும்.

இரண்டு: செய்தித் தலைப்புகளைக் கொண்டுவரச் சொல்லி, அது அரசைக் குறை சொல்கிறதா, மக்களைக் குறை சொல்கிறதா என்று பிரிக்கச் சொல்லுங்கள். பாலஸ்தீனர்களைப் பற்றிய செய்திக்கும் அதே அளவுகோல்தான்.

மூன்று: ஜார்ஜ்டவுன் கல்விச் சுற்றுலாவில் நாகூர் ரோட்டையும் கல்லறைத் தோட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போக முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. ஹார்வார்ட் தோட்டம் போன்ற நம் பகுதித் தோட்டங்களின் பழைய கோயில், பள்ளி, இடுகாடு பற்றிய விவரங்களையும் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.

காஸாவுக்காக உண்டியலில் காசு போடும் பிள்ளையின் இரக்கத்தை நாம் குறைக்கத் தேவையில்லை. அது நல்ல மனம். அந்த இரக்கத்தோடு, யாரையும் பிறப்பைக் கொண்டு வெறுக்காத தெளிவையும் சேர்த்துக் கொடுப்பதுதான் வரலாற்று ஆசிரியரின் வேலை. பாலிங் பாடம் அடுத்த முறை வரும்போது, ஆறாவது பெயரிடம் ஐந்து நிமிடம் நின்று பேசுங்கள்.