பழைய கமராவின் புதிய விலை

1957இல் சுவீடனில் வெளிவந்த ஹசல்பிளாட் 500சி, புகைப்படத் தொழிலாளரின் உழைப்புக் கருவியாகும். 120 சுருளில் அது பதியும் சதுரப் படம் 35 மில்லிமீற்றர்ப் படத்தினும் மூன்றரை மடங்கு பெரிது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் டிஜிட்டல் முறைக்கு மாறியோர் இவற்றை ஒருசேர விற்றமையால் விலை வீழ்ந்தது. வசதியற்ற மாணவர்க்கும் கமரா கிட்டியது. 2010களில் சுருள்மீது விருப்பு மீண்டதும் நிலைமை தலைகீழாயிற்று.

விலை உயரின் நிரம்பலும் பெருகும் என்பர் பொருளியலார். இங்கு அவ்விதி செல்லவில்லை. கொடாக், இல்போட் ஆகியன 120 சுருளை இன்றும் தயாரிக்கின்றன. ஹசல்பிளாட்டோ அவ்வரிசைக் கமராவை 2013இல் நிறுத்திவிட்டது. புதிய உதிரிப்பாகம் அரிதாகவே, ஒன்றைத் திருத்தப் பலவேளை மற்றொன்றைக் கழற்ற நேர்கிறது. எஞ்சிய தொகை மேலும் சுருங்குகிறது. சேகரிப்போனுக்கு அது இலாபமே. அன்று மலிவினால் உள்நுழைந்த மாணவனே இன்று முதலில் வெளியேறுகிறான்.