சி.ஆர்.பி.யும் உடல் எடையும்: ஓர் இரத்தப் பரிசோதனையின் வரலாறு

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலத்தில் நிமோனியாவுக்குக் கைகொடுத்தது, விலங்குகளின் இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்ட எதிர்ச்சீரம் ஒன்றே. நோயை உண்டாக்கிய நிமோகாக்கஸ் கிருமி எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிந்த பின்னரே அதற்குரிய சீரத்தைச் செலுத்த முடியும் என்பதால், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவரியின் குழுவினர் அக்கிருமியின் உறுப்புகளைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்துவந்தனர். அங்கேதான் 1930இல் வில்லியம் டில்லெட்டும் தாமஸ் பிரான்சிஸும், கிருமியிலிருந்து பிரித்த ‘சி’ என்னும் சர்க்கரைப் பொருளைக் காய்ச்சல் முற்றிய நோயாளிகளின் சீரத்தோடு கலந்தால் வீழ்படிவு தோன்றுவதையும், நோய் தணிந்தபின் எடுத்த சீரத்தில் அது தோன்றாமற்போவதையும் கண்டனர். வழக்கமான எதிர்ப்பொருள்கள் நோய் தணியும்போது பெருகுபவை. இதுவோ அப்போது மறைந்தது.

வீழ்படிவை உண்டாக்கிய பொருள் ஒரு புரதம் என்று 1941இல் ஏவரியின் குழு காட்டியது. 1947இல் மக்லின் மெக்கார்ட்டி அதைப் படிகமாக்கினார். சி-வினைப் புரதம், அதாவது சி.ஆர்.பி., கல்லீரலில் உருவாகி, கிருமிகளின் மேற்பரப்பிலும் சிதைந்த உயிரணுக்களிலும் ஒட்டிக்கொண்டு, நோயெதிர்ப்பு அமைப்பின் பிற புரதங்களைச் செயலுக்குத் தூண்டுகிறது. 1950களில் முடக்குக் காய்ச்சலின் போக்கைக் கவனிக்க அது பெரிதும் பயன்பட்டது. நுண்குழாயில் நோயாளியின் சீரத்தையும் முயலின் எதிர்ச்சீரத்தையும் சேர்த்து, படியும் வெண்படலத்தின் உயரத்தை அளப்பதே அன்றைய முறை. சிறிய அளவுகள் இதில் புலப்படாமையால், நலமுள்ளவரின் இரத்தத்தில் இப்புரதமே இல்லை என்ற கருத்து மருத்துவத்தில் நிலைபெற்றது. ஆய்வாளர்களின் திறமையில் குறையில்லை. ஆயினும் கருவியின் எல்லை கேள்வியின் எல்லையாகிவிட்டது. புரதம் இருக்கிறதா என்று கேட்கப்பட்டதேயன்றி, எவ்வளவு இருக்கிறது என்று நெடுங்காலம் கேட்கப்படவில்லை.

1970களில் இப்புரதத்தை அளக்கப் பயன்படுத்தப்பட்ட கதிரியக்க நோயெதிர்ப்பு அளவீடு, நலமுள்ளோரிடமும் சி.ஆர்.பி. உண்டு என்றும், அவர்களுள் பெரும்பாலோரிடம் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவிலேயே நிற்கிறது என்றும் வெளிப்படுத்தியது. அச்சிறிய அளவுகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு பொருளுடையதா என்னும் ஆய்வு 1990களில்தான் வலுப்பெற்றது. அமெரிக்க தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வில் 1988 முதல் 1994 வரை திரட்டப்பட்ட 16,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்து மார்யொலின் விஸ்ஸரும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட முடிவு இதில் திருப்புமுனையாயிற்று. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறை குறியீடு 30ஐ எட்டியோரிடம், இயல்பான எடையுள்ளோரைவிட, சி.ஆர்.பி. உயர்ந்திருக்கும் வாய்ப்பு ஆண்களுள் ஏறத்தாழ இருமடங்காகவும் பெண்களுள் ஆறு மடங்காகவும் இருந்தது. அழற்சி நோய்கள் அரிதான 17 முதல் 39 வயதினரிடமும் இத்தொடர்பு மறையவில்லை.

காரணத்தின் ஒரு பகுதி அதற்கு முன்பே வெளிப்பட்டிருந்தது. மிகுதியான ஆற்றலைச் சேமித்துவைக்கும் இடமாக மட்டுமே கொழுப்புத் திசு கருதப்பட்டுவந்த நிலையில், பருத்த எலிகளின் கொழுப்பில் டி.என்.எஃப். என்னும் அழற்சிச் சமிக்ஞைப் புரதம் மிகுந்திருப்பதை கோகன் ஹோத்தமிஸ்லிகிலும் புரூஸ் ஸ்பீகல்மேனும் 1993இல் காட்டினர். மனிதக் கொழுப்புத் திசு இன்டர்லூக்கின்-6 என்னும் மற்றொரு சமிக்ஞைப் பொருளை இரத்தத்தில் விடுவதும் 1997இல் தெரியவந்தது. சி.ஆர்.பி.யை உருவாக்கக் கல்லீரலைத் தூண்டுவது அதுவே. பருத்த உடலின் கொழுப்பில் பெருவிழுங்கணுக்கள் என்னும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் குவிவது 2003இல் கண்டறியப்பட்டது. இலண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரிடம் ஐரோப்பியரைவிடச் சி.ஆர்.பி. மிகுந்திருந்ததும், அவ்வேறுபாடு அவர்களின் வயிற்றுக் கொழுப்போடு தொடர்புற்றிருந்ததும் 2001இல் பதிவாயின.

எது காரணம், எது விளைவு என்னும் ஐயத்தைத் தீர்க்க மரபணுக்களின் துணை நாடப்பட்டது. பிறப்பிலேயே அமையும் மரபணு வேறுபாடுகளைப் பின்னாளைய நோயோ பழக்கமோ மாற்றுவதில்லை. எனவே எடையைக் கூட்டும் மரபணு வேறுபாடுகள் சி.ஆர்.பி.யையும் உயர்த்துகின்றனவா, சி.ஆர்.பி.யை உயர்த்தும் வேறுபாடுகள் எடையைக் கூட்டுகின்றனவா என்று இருபுறமும் சோதிக்க முடிந்தது. 2011இல் வெளியான அவ்வகை ஆய்வில் முதல் தொடர்பு உறுதிப்பட்டது. இரண்டாவதற்குச் சான்று கிட்டவில்லை.