புத்தளக் கரையும் மிருக வைத்தியக் கல்வியும்

இலங்கையின் வடமேற்கே, சிலாபத்திலிருந்து கற்பிட்டி முனை வரை நீண்டு கிடக்கும் மணற்கரை நெடுங்காலமாக வந்திறங்குவோரின் நிலமாயிருந்தது. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட இபுனு பதூதா கரையேறிய ‘பத்தாலா’ என்னும் இடம் புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. ஆரியச் சக்கரவர்த்தியை அவர் கண்டதும் அவ்விடத்திலேயாம். வணிகரும் படையினரும் வந்த வழியே அவர்தம் விலங்குகளும் வந்தன. விலங்குகளோடு அவற்றின் பிணிகளும் வந்தன. கற்பிட்டியிலும் புத்தளத்திலும் உரியவரின்றித் திரியும் கழுதைகள், முன்னாளில் அராபிய வணிகர் கொணர்ந்த பொதிவிலங்குகளின் வழிவந்தவை என்று சொல்லுவர். இக்கரையின் மாடும் ஆடும் நோயுற்றபோது அவற்றைக் காக்கும் வித்தை எங்கிருந்து வந்தது, அதனை யாவர் கற்றனர், எத்துணைக் காலந்தாழ்த்து வந்தது என்பன ஆராயத்தக்கன.

விலங்கு வைத்தியம் அறிந்தார் இல்லாமையால் ஒரு நாடு எவ்வளவு பொருளிழக்கும் என்பதற்கு எதிர்க்கரையிலேயே பழைய சான்றொன்று உண்டு. 1292ஆம் ஆண்டையொட்டிப் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்தார், ஆண்டுதோறும் பாரசீகக் குடாப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான குதிரைகள் அங்கு இறக்குமதியானதை எழுதியுள்ளார். ஓராண்டு கழியுமுன் அவற்றுட் பெரும்பாலன இறந்துபட்டன. தீனியும் பராமரிப்பும் அறிந்தார் அங்கில்லை; குதிரை வைத்தியர் எவரும் அந்நாட்டுக்குச் செல்லாதவாறு வணிகரே தடுத்தனர் என்றும் அவர் கூறுகின்றார். குதிரை செத்தாலன்றோ அடுத்த ஆண்டும் குதிரை விற்கலாம்! இச்செய்தியில் மிகையிருக்கலாம். ஆயினும், அறிவை மறைத்து வைத்தலும் ஒரு வணிகமே என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர் என்பது தெளிவு.

இத்தனைக்கும், விலங்கு வைத்தியம் இப்பகுதிகளுக்குப் புதிய கருத்தன்று. கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அசோக மன்னன் பொறித்த இரண்டாம் பாறைச் சாசனம், மக்களுக்கும் விலங்குகளுக்கும் இருவகை வைத்தியம் ஏற்படுத்தப்பட்டதைச் சொல்கின்றது. அவ்வேற்பாடு சென்ற நாடுகளுள் சோழர், பாண்டியர் நாடுகளோடு தாமிரபரணியும் எண்ணப்படுகின்றது. தாமிரபரணி என்பது இலங்கையே என்பர். நான்காம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட புத்ததாச மன்னன் நோயுற்ற பாம்பொன்றுக்குச் சத்திரசிகிச்சை செய்தானென்றும், யானைக்கும் குதிரைக்கும் வைத்தியரை நியமித்தானென்றும் வமிச வரலாறு புகழ்கின்றது. பாம்பின் கதையை எவ்வாறு கொள்ளினும், யானை வைத்தியரும் குதிரை வைத்தியரும் அரசரிடம் சம்பளம் பெற்ற உத்தியோகத்தர் என்பது நம்பத்தக்கதே. ஆனால் அவ்வைத்தியர் காத்தவை அரசனுடைய யானைகளும் குதிரைகளுமே என்பதையும் மறத்தலாகாது. பாலகாப்பியர் பெயரால் வழங்கும் யானை நூலும், சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் குதிரை நூலும் அரண்மனைக் கொட்டிலை நோக்கி எழுந்தவை. உழவனின் எருதுக்கு உரியவை மாட்டு வாகடங்களே. தந்தையிடமிருந்து மகனுக்கும், சில இடங்களில் ஏட்டிலிருந்து ஏட்டுக்கும் சென்ற அவ்வாகடங்கள் சூடு போடும் இடங்களையும், குடிநீர் வகைகளையும், மாட்டின் சுழி இலக்கணத்தையும் ஒருங்கே உரைப்பன. சுழி பார்த்தலை இக்காலத்தார் நகைப்பர். ஆயின் வயிற்றுப் பொருமலுக்கும் புண்ணுக்கும் அவ்வேடுகள் கூறும் மருந்துகளுட் சில பயன்றருவனவே.

புத்தளக் கரையின் மாடு உழவு மாடு மட்டுமன்று, உப்பு மாடுமாகும். கண்டி இராச்சியத்துக்கு வேண்டிய உப்பிற் பெரும்பகுதி புத்தளத்து உப்பளங்களிலிருந்து மலைநாட்டுக்குச் சென்றது. குருநாகல் வழியே காட்டுப்பாதையிற் பொதி சுமந்து சென்ற எருதுக் கூட்டத்தைச் சிங்களத்திலே ‘தவலம்’ என்பர். உப்பைக் கொண்டு சென்று பாக்கும் பிற விளைபொருளும் கொண்டு திரும்பிய இம்மாடுகளின் முதுகிலேயே கரைக்கும் மலைக்குமிடையிலான வணிகம் நடந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரை முழுவதையும் ஒல்லாந்தர் தம் கையிற் கொண்டபோது, உப்பு கண்டியின் கழுத்திற் பிடித்த பிடியாயிற்று. அவ்வுப்பைச் சுமந்த எருதின் நலத்தைப் பற்றி எவரும் ஒரு சட்டம் இயற்றினாரில்லை. அடுத்த நூற்றாண்டிற் கோப்பிச் செய்கை பரவியபோது, பொதிமாட்டின் இடத்தை வண்டி மாடு பிடித்தது. நாள்தோறும் ஒரே தெருவில், ஒரே தங்குமடத்தில், ஒரே தொட்டியில் நீரருந்தும் மாடுகளிடையே தொற்றுநோய் புகுந்தால் அஃது எவ்வளவு விரைவிற் பரவும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அத்தொற்றுநோய்களுள் தலையாயது தமிழில் வெக்கை நோய் எனப்படும் மாட்டுக் கொள்ளைநோயாகும். காய்ச்சல், வாய்ப்புண், கடுங்கழிச்சல் என வந்து ஒரு கிழமைக்குள் பட்டியையே வெறுமையாக்கும் இந்நோயே, வியப்பாயினும் உண்மை, உலகின் மிருக வைத்தியக் கல்லூரிகளுக்குத் தாயாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மாடுகளை இது பன்முறை அழித்தது. அவ்வழிவினிடையே 1761இல் பிரான்சு அரசின் அனுமதி பெற்று, குதிரையேற்ற ஆசிரியரான குளோது பூர்செலா என்பவர் லியோன் நகரில் உலகின் முதல் மிருக வைத்தியப் பாடசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டு மாணவர் சேர்ந்தனர். 1765இல் பாரிசு நகருக்கருகே அல்போர் என்னுமிடத்தில் இரண்டாவது பாடசாலை எழுந்தது. ஆங்கிலேயர் 1791இலேயே இலண்டனில் ஒன்றைத் தொடங்கினர். அதுவும் பல்லாண்டு குதிரைப் பாடசாலையாகவே இருந்தது. படைக்கும் பந்தயத்துக்கும் குதிரை வேண்டும், மாட்டைக் கேட்பாரில்லை. 1865இல் வெக்கை நோய் இங்கிலாந்தினுட் புகுந்து பட்டிகளை அழித்த பின்னரே அந்நாட்டரசு விழித்துக்கொண்டது.

இந்தியாவிலும் இம்முறையே காணப்படும். 1862இல் பூனாவில் தொடங்கியது படைக்குரிய பாடசாலை. 1882இல் லாகூரிலும், 1886இல் பம்பாயிலும் கல்லூரிகள் தோன்றின. பம்பாய்க் கல்லூரி மட்டும் சற்று வேறுபட்டது. தின்ஷா மாணெக்ஜி பெற்றித் என்னும் பார்சி வணிகர் வாயில்லாச் சீவன்களுக்கென அமைத்த தரும வைத்தியசாலையை அடுத்து அது வளர்ந்தது. சென்னையில் 1903ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ‘டொபின் ஹால்’ என்னும் சிறு கட்டடத்தில், 20 மாணவரோடு கல்லூரி தொடங்கிற்று. 1935இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, மிருக வைத்தியத்திற் பட்டம் பெறுதற்கு இந்தியாவிலேயே முதல் வாயிலாயிற்று. பிற்காலத்தில், 1989இல், தமிழ்நாட்டில் இத்துறைக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே ஏற்பட்டது.

இலங்கையில் இத்தகைய கல்லூரி எதுவுமில்லாத காலத்தில், இத்தொழிலை விரும்பிய இளைஞர் பம்பாய்க்கோ சென்னைக்கோ கடல் கடந்து செல்ல வேண்டியவராயினர். வசதியுடையார் சிலரே அவ்வாறு சென்றனர். எனவே நாட்டில் வைத்தியர் தொகை மிகக் குறைவு. நோய் வந்தவிடத்து நடவடிக்கை எடுத்தவர் வைத்தியரல்லர், நிருவாக உத்தியோகத்தரே. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ஃப், பிற்காலத்து எழுத்தாளராய்ப் பெயர் பெற்றவர், அங்கு வெக்கை நோய் பரவியபோது பட்ட பாட்டைத் தம் நாட்குறிப்பிலும் தன்வரலாற்றிலும் எழுதியுள்ளார். மாடுகளைக் கட்டி வைக்கச் சொன்னால் குடியானவர் கேட்கவில்லை. கட்டாது திரிந்தவற்றைச் சுட நேர்ந்தது. மக்கள் அவரை வெறுத்தனர். இருசாராரையும் குறைகூற இடமில்லை. மாட்டைக் கட்டினால் தீனியிட வேண்டும். தீனியோ காட்டில் மட்டுமே இருந்தது. நோயின் இயல்பை அவர்தம் மொழியில் எடுத்துரைக்க வல்ல, அவர்களிற் பிறந்த, கற்றவன் ஒருவன் அங்கில்லாமையே அக்கசப்புக்குக் காரணமாம்.

புத்தள மாவட்டத்து லுணுவிலையில் 1929ஆம் ஆண்டளவில் தெங்காராய்ச்சி நிலையம் அமைந்தது. தென்னைக்கு ஆராய்ச்சியாளர் வந்துவிட்டனர். அத்தென்னையின் கீழ்க் கட்டப்பட்ட மாட்டுக்கு வைத்தியர் பயிலும் பாடசாலை நாட்டில் உருவாக மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டு சென்றது. ஏற்றுமதிப் பொருளுக்கும் குடியானவன் பொருளுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே.

1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1947ஆம் ஆண்டு மிருக வைத்தியக் கல்வி தொடங்கிற்று. முதலிற் கொழும்பிலிருந்த அப்பிரிவு 1950களிற் பேராதனைக்கு மாறி, விவசாயத்தோடு ஒரே பீடமாக அமைந்தது. பின்னர் வேறு பீடங்களோடு கூடியும் பிரிந்தும், 1980இல் தனிப் பீடமாயிற்று. 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இத்தொழில் செய்வோரைப் பதிவு செய்யும் முறையை வகுத்தது. பேராதனையை அடுத்த கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும் உண்டு. உலர்வலயத்து எருமைகளையும் மாடுகளையும் மழைக்காலத் தொடக்கத்திற் கொல்லும் தொண்டையடைப்பான் நோயைப் பற்றி அங்கு நிகழ்ந்த ஆராய்ச்சி உலகறிந்தது, எம். சீ. எல். டி அல்விஸ் என்னும் அறிஞர் அந்நோயைப் பற்றி 1999இல் வெளியிட்ட நூல் ஆசிய நாடுகள் பலவற்றிலும் எடுத்தாளப்படுகின்றது. மாட்டின் தொண்டை வீங்கி மூச்சுத் திணறும் அந்நோயின் பெயரைப் பட்டிக்காரன் நெடுங்காலமாக அறிவான். அதன் நுண்ணுயிரையும், மழைக்கு முன்னரே தடுப்பூசி இடவேண்டிய முறையையும் அறிவித்தது கல்வி.

எனினும் புத்தளக் கரையிலிருந்து பேராதனைக்குச் செல்லும் வழி நீண்டது. 1945 முதல் கல்வி இலவசமாயிற்று. ஆயின் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்னும் மூன்றையும் ஆய்வுகூடத்தோடு கற்பிக்கும் பாடசாலைகள் இக்கரையில் அருகியே காணப்பட்டன. பல்கலைக்கழக அனுமதியிற் கல்வி வசதி குறைந்தனவென வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்றாயிருந்தமை இதனை உறுதிப்படுத்தும். உடப்பிலோ கற்பிட்டியிலோ பிறந்த மாணவன் உயர்தரம் வரை தமிழிற் கற்பான். பேராதனையில் ஆங்கிலத்திற் கற்பான். பட்டம் பெற்று உத்தியோகத்துக்கு வந்தபின் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தமிழிலும், அடுத்த கிராமத்திற் சிங்களத்திலும் நோயை விளக்குவான். மனிதரின் வைத்தியனுக்கு நோயாளியே தன் துன்பத்தைச் சொல்வான். மிருக வைத்தியனோ மாட்டுக்குரியவன் சொல்வதையே கேட்டறிய வேண்டும். ‘நேற்று மாலை முதல் அசைபோடவில்லை’ என்னும் ஒரு சொல்லில் நோயின் பாதி அடங்கியிருக்கும். அச்சொல்லைக் கேட்கும் செவி ஆங்கில நூலிற் கிடைப்பதன்று. அந்த ஊரிற் பிறந்தவனிடம் இயல்பாகவே உண்டு. மாவட்டந்தோறும் மாணவரைத் தெரிதல் தகைமையைக் குறைக்கும் என்று வாதிப்போர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

கற்றவர் நாட்டில் இருப்பதன் பயன் 1987இல் வெளிப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இலங்கையில் இல்லாதிருந்த வெக்கை நோய் அவ்வாண்டில் வடக்கிலும் கிழக்கிலும் மீண்டும் தோன்றிற்று. இந்தியப் படையினரின் உணவுக்காகக் கொணரப்பட்ட ஆடுகளோடு அது வந்தது என்பர். போர் நடந்த நிலத்தில் மாட்டுக்கு ஊசி போடுதல் எளிய செயலன்று. 1994 வரை நோய் தொடர்ந்தது. ஆயினும் தடுப்பூசியின் வலிமையால் அஃது அடங்கியது. லியோன் பாடசாலை தோன்றி 250 ஆண்டு நிறைந்த 2011ஆம் ஆண்டிலேயே, வெக்கை நோய் உலகினின்றும் ஒழிந்தது என அறிவிக்கப்பட்டமை நினைவுகூரத்தக்கது. பெரியம்மைக்குப் பின் மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் இதுவாகும்.

அதற்குள் புத்தளக் கரையில் வேறொரு விலங்கு பெருஞ்செல்வமாயிற்று. 1980களில் சிலாபம் முதல் முந்தல், புத்தளம் வரை, களப்புக்களின் ஓரமாகவும் ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்காலின் இருமருங்கும், இறால் வளர்க்கும் குளங்கள் வெட்டப்பட்டன. கண்டற்காடு அழிந்தது, பணம் பெருகிற்று. 1996இல் வெண்புள்ளி நோய் என்னும் வைரசு நோய் அக்குளங்களிற் புகுந்தது. சில நாட்களில் ஒரு குளம் முழுவதும் செத்து மிதக்கும். ஒருவர் வாய்க்காலில் விட்ட கழிவு நீரையே மற்றொருவர் தம் குளத்துக்கு ஏற்றினர்; பழைய வண்டித் தெருவின் தண்ணீர்த் தொட்டி மீண்டும் வந்துவிட்டது. கடன்பட்டுக் குளம் வெட்டிய பலர் நிலத்தையும் இழந்தனர். இன்றும் வெறுங்குழிகளாய்க் கிடக்கும் குளங்களை அத்தெருவிற் செல்வோர் காணலாம்.

இறாலுக்கு வாகடம் இல்லை. சுட்டாற்றும் இடமும் இல்லை. அந்நோய்க்கு மருந்தும் கண்டுபிடிக்கப்படவில்லை. பேராதனை மிருக வைத்திய பீடத்தில் நீர்வாழ் விலங்குகளின் நோயை ஆராயும் நிலையமொன்று அமைந்தது. மாட்டையும் நாயையும் கற்க வந்த மாணவர் மீனையும் இறாலையும் கற்கத் தொடங்கினர். குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன் வைரசு உண்டோவென ஆய்வுகூடத்திற் சோதித்தல் வழக்கமாயிற்று. வளர்ப்போர் சங்கங்களும் அரசாங்க நீர்வாழுயிர் வளர்ப்பு அதிகாரசபையும் கூடி, எந்தப் பகுதியார் எந்த மாதத்திற் குஞ்சு விடுவது என்னும் அட்டவணையை வகுத்தனர். ஒரு பகுதியின் குளங்கள் நிறைந்திருக்கையில் அடுத்த பகுதியின் குளங்கள் வெயிலிற் காய்கின்றன. வாய்க்கால் நீரை அவ்வாறே முறைவைத்துப் பங்கிடுகின்றனர்.