அளவையின் வரலாறும் பிளாங்கின் மாறிலியும்

வன்னிப் பெருநிலத்தில் வயலின் பரப்பு ஒருகாலத்தில் அதில் விதைக்கப்படும் நெல்லின் அளவாலேயே சுட்டப்பட்டது. அளவை அங்கே உழைப்பிலிருந்து பிறந்தது. நெல் விற்பனைப் பண்டமானபோது விளைவிப்போன் ஒருவன், அளப்போன் வேறொருவன் என்றாயிற்று. அளவை யார் கையில் உள்ளது என்ற வினா அப்போதே எழுந்தது.

இவ்வினா வன்னிக்கு மட்டும் உரியதன்று. 1789 இல் பிரான்சிய விவசாயிகள் தம் முறைப்பாட்டேடுகளில் நிலப்பிரபுக்களின் மனம்போன அளவைகளைக் கண்டித்தனர். மெற்றிக் முறை அப்புரட்சியின் பேறாகும். எனினும் 1889 முதல் கிலோகிராமின் நியமம் பாரிசுக்கு அண்மையில் செவ்ரில் பூட்டிவைக்கப்பட்ட பிளாற்றினம் - இரிடியக் கட்டியொன்றாகவே இருந்தது. 1988 - 1992 ஒப்பீட்டில், அதற்கும் அதன் பிரதிகளுக்குமிடையே ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ 50 மைக்கிரோகிராம் வேறுபாடு வளர்ந்திருந்தமை புலனாயிற்று. மாறியது மூலமா, பிரதிகளா என்று தீர்ப்பதற்கு வேறு சான்று இருக்கவில்லை.

இதற்கான விடை, பிளாங்கின் மாறிலியை அளக்கும் முயற்சியிலிருந்து வந்தது. பிரயன் கிபிள் 1975 இல் முன்வைத்த தராசில், கம்பிச்சுருளில் பாயும் மின்னோட்டத்தின் விசை திணிவொன்றின் நிறையைச் சமன்செய்கிறது. பின்னர் அதே சுருள் அதே காந்தப்புலத்தில் அசைக்கப்பட்டு, அதன் வேகமும் தூண்டப்படும் மின்னழுத்தமும் அளக்கப்படுகின்றன. துல்லியமாக அளத்தற்கரிய புலவலிமையும் சுருளின் நீளமும் இவ்வாறு கணிப்பிலிருந்து நீங்குகின்றன. மின்னளவுகள் குவாண்டம் விளைவுகளால் பிளாங்கின் மாறிலியோடு பிணைக்கப்படுவதால் திணிவும் அதனோடு பிணைகிறது. மற்றொரு வழி, ருஷ்யாவில் செறிவாக்கப்பட்ட சிலிக்கன் 28 இனால் செய்த கோளத்தின் அணுக்களை எண்ணிக் கணிப்பது. நீண்டகாலம் இருவழிப் பெறுபேறுகளும் முரண்பட்டன. வழுக்கள் ஒவ்வொன்றாகக் களையப்பட்டன. 2017 இல் கனடாவின் கிபிள் தராசு எய்திய நிச்சயமின்மை நூறு கோடியில் ஏறத்தாழ 9 பங்கே. 2019 மே 20 முதல் மாறிலியின் பெறுமானம் 6.62607015 × 10⁻³⁴ யூல் செக்கன் என நிலைநிறுத்தப்பட்டு, கிலோகிராம் அதிலிருந்து வரையறுக்கப்படுகிறது.

இம்மாறிலியை எவரும் பூட்டிவைக்க இயலாது, எந்நாட்டவரும் சரிபார்க்கலாம். ஆனால் சரிபார்க்கும் கருவி ஒருசில நாடுகளின் ஆய்வுகூடங்களிலேயே உண்டு. கிளிநொச்சியின் களத்துமேட்டிலோ தராசும் ஈரப்பதன்மானியும் பெரும்பாலும் கொள்வனவு செய்பவனுடையவை. ஈரப்பதனுக்கென்றும் சாக்குக்கென்றும் அவன் கழிக்கும் நிறையைப் பிளாங்கின் மாறிலி தடுத்துவிடாது. நியமம் பொதுவுடைமையாயிற்று, தராசு இன்னும் ஆகவில்லை. விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் முத்திரையிடப்பட்ட தம் தராசைத் தாமே வைத்திருக்கும்போதே, 1789 இல் எழுந்த அந்த முறைப்பாட்டுக்கு வன்னியில் முழுமையான பதில் கிடைக்கும்.